வேலனுக்கு நாற்பத்தேழு வயது

ஆவாரங்குளம் கிளை நூலகத்தில் ஒரு சிறுவர் நாவலுக்குள் இருந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் வயதாகிவிட்டது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், ஆனால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த முப்பத்தாறு வருஷத்தில் எங்கள் எல்லோருக்கும்தான் வயதாகியிருந்தது, குளம் தூர்ந்து பேருந்து நிலையமாகியிருந்தது, ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் மீதிப் பேருக்கு ரத்த அழுத்தமும் வந்திருந்தது, அப்படியிருக்கப் புத்தகத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் பதினொன்றும் ஒன்பதுமாகவே இருக்க வேண்டும் என்று கேட்க நாங்கள் யார்.

முதலில் பார்த்தவள் சண்முகவடிவு. நாற்பத்தைந்து வயது, ஊர்த் தொடக்கப்பள்ளியில் சத்துணவுச் சமையல். அந்தச் சமயத்தில் அவள் கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்கிக்கொண்டிருந்தாள். கை கொப்புளிக்கும், அவள் யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சாம்பாருக்குத் தாளிக்கப் போவாள். டாக்டர் சர்க்கரை பார்த்தார், நரம்பு பார்த்தார், ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்.

அவளுடைய அண்ணன் ஆவுடையப்பன் கோவில்பட்டியில் ஒரு காலையில் குளிக்கப் போனவன் குளித்து முடிக்காமலே செத்துப்போய் அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. வடிவு போனாள், தலைமாட்டில் உட்கார்ந்தாள், எடுக்கிறவரை அழவில்லை. எங்கள் பக்கம் கூடப்பிறந்தவள் அழாத வீட்டைச் செத்த வீடு என்றே சொல்லமாட்டார்கள். வந்த பெண்கள் ஆளுக்கு ஒன்று பேசினார்கள், அவள் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணனும் தங்கையும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. வடிவின் மகள் கோமதி பெரியவளானபோது வைத்த சடங்கில் தாய்மாமன்தான் முதல் மாலை போட வேண்டும், ஆவுடையப்பன் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது, முகூர்த்தம் முடிய இன்னும் பத்தே நிமிஷம், அப்புறம் ராகுகாலம் என்று காலண்டர் கடை சுப்பையா அண்ணாச்சி வாட்சைத் தட்டித் தட்டிக் காட்டினார், சரி, முறையுள்ள யாராவது போடுங்கள் என்று பந்தலில் இருந்த நாங்களும் சேர்ந்து சொன்னோம், சொன்னது நாங்கள்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. வடிவின் பெரியம்மா மகன் ஒருத்தன் போட்டான். முக்கால் மணி நேரம் கழித்துச் சீர்த் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஆவுடையப்பன் வந்து பந்தல் வாசலில் நின்றான். சீர்த் தட்டைக் கொண்டுவந்தவன் தானாக இறக்கி வைக்கக்கூடாது, வீட்டுக்காரர்கள் கை நீட்டி வாங்க வேண்டும். யாரும் வாங்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் நின்றான், பிறகு அடுத்த பஸ்ஸில் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியத்தில் அவன் மனைவி செண்பகம் ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து வடிவிடம் கொடுத்தாள்.

"ஒங்க ஊரு லைப்ரரி புக்கு வடிவு. திருப்பிக் குடுக்கணும், திருப்பிக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாவ. நீ கொண்டு போயி சேத்திரு."

வடிவு பையை வாங்கிக்கொண்டு, "அந்தத் தட்டு என்ன ஆச்சு மைனி?" என்றாள்.

"பழத்தையெல்லாம் பஸ்லயே கூட வந்தவங்களுக்குக் குடுத்துட்டாவளாம். வெறுந்தட்டோடதான் வந்தாவ."

"சரி மைனி," என்று வடிவு கிளம்பிவிட்டாள்.

பைக்குள் இருந்தது 'தூங்காத பூதத்தின் தீவு'. எங்கள் வயதுக்காரர்களில் அதைப் படிக்காத ஆள் ஆவாரங்குளத்தில் கிடையாது. வேலன் என்று ஒரு அண்ணன், மின்னி என்று ஒரு தங்கை, இரண்டு பேரும் வெள்ளை நாரையின் முதுகில் ஏறிக் கண்ணாடிக் கடலைத் தாண்டித் தீவுக்குப் போவார்கள், அங்கே மழையை ஒரு குடத்தில் அடைத்துவைத்துக்கொண்டு தூங்காமல் காவல் காக்கிற பூதத்தைத் தாலாட்டுப் பாடித் தூங்கவைப்பார்கள், மழையைக் கொண்டுவருவார்கள். வடிவுக்கும் அவள் அண்ணனுக்கும் சேர்த்து வீட்டில் ஒரே நூலக அட்டைதான், ஆவுடையப்பன் பெயரில். அதனால் ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே பெஞ்சில், அவள் இடப்பக்கமும் அவன் வலப்பக்கமுமாக உட்கார்ந்து படித்தார்கள். வடிவு வேகமாகப் படித்துவிட்டுப் பக்கத்தின் மூலையில் விரலை வைத்துக் காத்திருப்பாள். அவன் எழுத்துக் கூட்டி முடித்து "ம்" என்று சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும், அது ஒப்பந்தம்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் பள்ளி முடிந்து வருகிற வழியில் அவள் நூலகத்துக்குள் நுழைந்து பையை மேஜைமேல் வைத்தாள். நூலகர் எஸ்தர் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது எடுத்து முப்பத்தாறு வருசமாச்சேக்கா. நான் அப்பப் பொறக்கவே இல்ல. உள்ள கிழிசல் ஏதும் இருக்கான்னு பாருங்க, எழுதிக்கிடுதேன்."

வடிவு பெஞ்சில் உட்கார்ந்து திறந்தாள். முதல் பக்கம் இப்படி இருந்தது: 'அன்புள்ள குழந்தைகளே, நம் வேலனுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. மின்னிக்கு நாற்பத்தைந்து. வேலன் தீவிலேயே தங்கிவிட்டான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறான். பூதம் இரண்டு மணிக்கொரு தடவை விழித்துக்கொள்வதால் யாராவது ஒருவர் அங்கே இருந்து பாட வேண்டியிருக்கிறது, குழந்தைகளே, அதைப் போன தடவை உங்களிடம் சொல்ல மறந்துவிட்டோம்.' பன்னிரண்டு பக்கம் வரை எழுத்து இருந்தது, அதற்குமேல் வெள்ளைத் தாள்.

"கிழிசல் இல்ல," என்றாள் வடிவு. "வளந்துட்டாவ."

எஸ்தர் வந்து எட்டிப் பார்த்து, நாலு பக்கம் நின்றபடியே படித்தாள், பிறகு இருப்புப் பதிவேட்டில் 'புத்தகத்தின் நிலை' என்ற கட்டத்தில் 'வளர்ந்துவிட்டது' என்று எழுதி முத்திரை வைத்தாள். மறுநாள் காலையில் பதின்மூன்றாம் பக்கம் நிறைந்திருந்தது. அதற்கு மறுநாள் பதினான்கு.

இப்படித் தினம் ஒரு பக்கம் வந்தால் ஊர் சும்மா இருக்குமா? முதல் வாரமே பீடி சுற்றுகிற பெண்கள் மடியில் முறத்தோடு வந்து நூலகத்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள், தினம் நாலு மணிக்கு அன்றைய பக்கத்தை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று, எஸ்தருக்குத் தூசி ஆகாது, தொண்டை கட்டிக்கொள்ளும், அதனால் வடிவு வாசித்தாள். சோற்றுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிச் சொல்கிற அதே குரலில் வாசித்தாள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. வேலனுக்கு முழங்கால் வலி என்று வந்த அன்று மாரிக்கனி, "வெந்தயத்த ஊற வச்சுக் குடிக்கச் சொல்லுங்க யாராவது," என்று பீடி கட்டிக்கொண்டே சொன்னாள். மின்னி கரையில் வாழ்க்கைப்பட்டுச் சொந்தமாக வீடு கட்டிப் பால் காய்ச்சினாள் என்று வந்த அன்று வராந்தாவில் ஆளுக்கு ஒரு கை சர்க்கரை கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற சாமுவேல் வாத்தியார் மட்டும், சிறுவர் நூலில் மாத்திரை, முழங்கால் எல்லாம் வருவது முறையல்ல என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார், மேலிடத்திலிருந்து அந்த நூலைச் சிறுவர் அலமாரியிலிருந்து எடுத்துப் பெரியவர்கள் அலமாரியில் வைக்கும்படி பதில் வந்தது, எஸ்தர் அப்படியே செய்தாள். கண்டக்டர் தளவாய்க்கு வேறு கவலை. தான் சின்ன வயதில் படித்தபோது அந்தக் கதையில் ஒரு யானை இருந்தது, அது சத்தியம், அந்த யானை இப்போது எங்கே போயிற்று என்று தினம் கேட்டார். எங்களுக்கு யானை ஞாபகமில்லை. ஆனால் ஆளாளுக்கு வேறு வேறு ஞாபகம் இருந்தது, ஒருத்திக்கு ஒரு கிணறு, ஒருத்தனுக்குக் குடத்துக்குள் கேட்ட பாட்டு, அதனால் யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை.

இருபத்தேழாம் பக்கத்தில் மின்னியின் மகள் பெரியவளானாள்.

வராந்தாவில் முறங்களின் சத்தம் நின்றது. வடிவு அதே குரலில் தொடர்ந்து வாசித்தாள், வேலனுக்கு ஓலை போனது, வேலன் ஓலையைப் படித்துவிட்டுப் பூதத்திடம் ஒரு நாள் லீவு கேட்டான். மறுநாள் பக்கத்தில் அவன் தட்டில் தேங்காயும் பழமும் பட்டுப் பாவாடையும் அடுக்கினான். அதற்கு மறுநாள் நாரையின் முதுகில் ஏறினான். அந்த மூன்று நாளும் நாங்கள் வடிவின் முகத்தைப் பார்க்காமல் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பதாம் பக்கத்தில் நாரை கடல் நடுவே ஒரு பாறையில் இறங்கிவிட்டது. 'நாரைக்கும் வயதாகிவிட்டது, குழந்தைகளே,' என்று இருந்தது. 'இறக்கையை விரித்துக் காட்டியது, வலிக்கிறது என்று சொன்னது. வேலன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து அதன் இறக்கையை நீவிவிட்டான்.'

முப்பத்தொன்றாம் பக்கம் வந்த அன்று ஊரே வந்திருந்தது. சுப்பையா அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு வந்து கடைசியில் தூணோரம் நின்றார். வடிவு வாசித்தாள்: 'நல்ல நேரம் போகிறது என்று பந்தலில் எல்லோரும் சொன்னார்கள். மாலையை வேறொருவன் போட்டான். வேலன் தட்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்து பந்தல் வாசலில் நின்றான். மின்னி அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பாயசத்துக்கு முந்திரி போதுமா என்று கேட்க அடுப்படிக்குப் போனாள். தட்டை யாரும் வாங்கவில்லை.'

பக்கம் அங்கே முடிந்தது. வடிவு தலையைத் தூக்கினாள்.

"ஆமா," என்றாள். "முந்திரிதான்."

அவள் அன்று அண்ணனைப் பார்த்தாள் என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. கூட்டத்தில் பார்த்திருக்கமாட்டாள் என்று ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம், அவளுக்காகப் பரிந்துகூடப் பேசியிருக்கிறோம். அவள் புத்தகத்தை மூடி எஸ்தரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் முப்பத்திரண்டாம் பக்கம் வெள்ளையாக இருந்தது. அதற்கு மறுநாளும். ஒன்பது நாள் அப்படியே. வேலன் தட்டோடு நின்றுகொண்டே இருந்தான். எங்கள் ஆவுடையப்பனுக்குத் திரும்பிப் போக ஒரு பஸ் இருந்தது, வேலனுடைய நாரை பந்தலுக்குப் பின்னால் படுத்துவிட்டது, அவன் எங்கே போவான். ஊரில் கழுத்து வலி வந்தது. டீக்கடையில் நின்றவர்கள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு டீ குடித்தார்கள், மருந்துக்கடையில் தைலம் தீர்ந்துபோயிற்று, ராத்திரி படுக்கையில் புரண்டு படுத்தால் தலைமேல் ஒரு கனம் இருந்தது என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

"தட்ட எறக்கி வைக்கச் சொல்லுங்கய்யா அந்தப் பயல," என்றார் தளவாய்.

"சீர்த் தட்டத் தானா எறக்கக்கூடாதுல்லா," என்றாள் மாரிக்கனி. "வீட்டாளு கை நீட்டணும்."

பத்தாம் நாள் சுப்பையா அண்ணாச்சி வடிவின் வீட்டுக்குப் போனார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை.

"தாயி, அன்னைக்குப் பத்து நிமிசம், பத்து நிமிசம்னு அவசரப்படுத்துனது நாந்தான். ராகுகாலத்துல மால போட்டா பிள்ளைக்கு ஆகாதுன்னு பயந்துட்டேன். தப்பு எம் மேலதான்."

வடிவு முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னிய அண்ணாச்சி. கேட்டது நான்லா."

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம லைப்ரரிக்கு வா," என்றார். "பத்தரைக்கு வா. பிள்ளையையும் கூட்டிட்டு வா."

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் ஊரில் வாடகைக்கு வீடுகூடப் பார்க்கமாட்டார்கள். நூலகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆனாலும் பக்கம் வரத் தொடங்கியதிலிருந்து திறந்ததுபோலவே அன்றும் எஸ்தர் வந்து திறந்தாள், வாசலில் நாலு கம்பு நட்டுப் பந்தல் போட்டார்கள், சென்னையில் வேலை பார்க்கிற கோமதி இரவு ரயிலில் வந்து இறங்கி, குளித்து, சாதாரணச் சுடிதாரோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தாய்மாமனை அவளுக்குப் பிடிக்கும், அது அவள் வீட்டில் சொல்ல முடியாத விஷயமாக இருந்தது.

மேஜைமேல் முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்துவைத்தார்கள். வடிவு அதன் முன்னால் போய் நின்று, கொப்புளம் காய்ந்த இரண்டு கையையும் நீட்டினாள்.

"கொண்டா," என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் கையை மடக்கவில்லை. சுப்பையா அண்ணாச்சி வாட்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இருப்போம்," என்றார், நாங்கள் இருந்தோம், பீடி முறங்கள் ஓரமாக அடுக்கிக் கிடந்தன, பேருந்து நிலையத்தில் பஸ்கள் வந்தன, போயின, தளவாய் தன் பஸ்ஸை வேறு ஒருவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார், சாமுவேல் வாத்தியார் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார், வெயில் பந்தலின் ஓரத்திலிருந்து நகர்ந்து வடிவின் தோளுக்கு வந்தது, கோமதி எழுந்துபோய் அம்மாவின் முழங்கைக்கு அடியில் கை கொடுக்கப் பார்த்தாள், வடிவு வேண்டாம் என்று தலையை அசைத்தாள், யாரும் நேரம் என்ன என்று கேட்கவில்லை, எங்கள் வாழ்க்கையில் ஒரு ஆளுக்காக நாங்கள் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை, அதை அன்றைக்கே செய்திருக்கலாம், முக்கால் மணி நேரம்தானே, அதை எல்லோரும் நினைத்தோம்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது வடிவின் கைகள் இரண்டும் ஒரு சாண் கீழே இறங்கின. அவள் தோளை இறுக்கி அவற்றைப் பிடித்து நிறுத்தினாள். எஸ்தர் குனிந்து பக்கத்தைப் பார்த்து வாசித்தாள்: 'கொண்டா என்றாள் மின்னி. வேலன் கொடுத்தான்.'

"என்னம்மா?" என்றாள் கோமதி.

"கனமா இருக்கு," என்றாள் வடிவு.

அப்புறம் சாப்பாடு போட்டார்கள். பாயசத்துக்கு முந்திரி போதவில்லை, அதை யாரும் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து எஸ்தர் புத்தகத்தைப் புரட்டினால், எல்லாப் பக்கத்திலும் எழுத்து நிறைந்திருந்தது, பழைய அச்சு, மங்கின மை. முதல் பக்கத்தில் வேலனுக்குப் பதினொன்று, மின்னிக்கு ஒன்பது. நாரைக்கு இறக்கை வலி இல்லை. தளவாய் கடைசிவரை தேடினார், யானை இல்லை, கோபித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாருக்கும் கழுத்து வலிக்கவில்லை. தினம் நாலு மணிக்கு இனி என்ன செய்வது என்று மட்டும் மாரிக்கனிக்குக் கவலையாக இருந்தது.

வடிவு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அந்தப் பெஞ்சில் இடப்பக்கமாக உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். இந்த வயதில் படித்தால் எல்லாம் சின்னதாக இருந்தது. கண்ணாடிக் கடல் நாலு நாள் நீளம் என்று அவள் நினைத்திருந்தாள், அது மூன்றே வரிதான். பூதத்தை நினைத்தால் அவளுக்குப் பயமாகவே இல்லை, பாவமாக இருந்தது, எத்தனை வருஷமாகத் தூங்கவில்லையோ.

நாலு மணிக்கு எஸ்தர் சாவியோடு வந்தாள். வடிவு வலப்பக்கத்துத் தாளின் மூலையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் ஜன்னல்களைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், திரும்பி வந்தாள். விரல் அங்கேயே இருந்தது.

"என்னக்கா, இன்னும் அதே பக்கத்துலயே இருக்கிய?"

"நான் முடிச்சிட்டேன்," என்றாள் வடிவு. "அவன் இன்னும் முடிக்கல. மெதுவாத்தான் படிப்பான்."

எஸ்தர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.